கைவிட்ட ஆட்டக் கருத்துகள் மீளலாமா?

சீட்டாட்டம் என்றதும் நம்மிற் பெரும்பாலோருக்கு நினைவு வருவது 52 சீட்டுகள் கொண்ட கட்டேயாகும். அக்கட்டு எவர் கையில் இருப்பினும் ஒன்றே. அதிலுள்ள ராஜாவையோ ராணியையோ ஆட்டக்காரர் தம் விருப்பம்போல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாக மற்றொரு வகைச் சீட்டாட்டம் உலகெங்கும் பரவி வருகிறது. இதில் ஆடுவோர் ஒவ்வொருவரும், சிறு உறைகளில் அடைத்து விற்கப்படும் சீட்டுகளை வாங்கியும் நண்பரோடு கைமாற்றிக்கொண்டும் சேர்த்து, அவற்றுள் வேண்டியவற்றைப் பொறுக்கித் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். 'டிரேடிங் கார்டு' ஆட்டம் என்பது இதன் பெயர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் படைத்த 'மேஜிக்: த கேதரிங்' இவ்வகைக்கு முன்னோடி. ஜப்பானில் 1996இல் போக்கிமானும், 1999இல் யூ-கி-ஓவும் சீட்டுகளாக வெளிவந்தன. இவ்விரண்டின் பெயரையும் நம் நாட்டுச் சிறுவர்கள் தொலைக்காட்சியின் வாயிலாக அறிவார்கள்.

சாதாரணச் சீட்டுக் கட்டைச் செய்பவருக்கு இல்லாத தொல்லை ஒன்று இவ்வாட்டங்களைப் படைப்போருக்கு உண்டு. ஆண்டுதோறும் பல முறை புதிய தொகுதிகளை அவர்கள் வெளியிட்டாக வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் புதிய விதி, புதிய தந்திரம், புதிய கற்பனை உலகம் என ஏதேனும் இருத்தல் வேண்டும். இவற்றுட் சில மக்கள் மனத்தைக் கவர்கின்றன. சிலவற்றை அவர்கள் கண்டுகொள்வதில்லை. சிலவற்றை வெறுத்தே ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்கப்பட்டவை பரணிற் போட்ட பழம் பாத்திரங்களைப் போலக் கிடக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எவரேனும் பரண்மீது ஏறி, "இதைத் துலக்கி மீண்டும் புழங்கினால் என்ன?" என்று கேட்கிறார். அக்கேள்விக்கு எவ்வாறு விடை காண்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

விளையாட்டுத்தானே, இதில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் எண்ணக்கூடும். திரைப்படம் ஒன்று நன்றாக இல்லையெனில் இரண்டு வாரத்தில் கொட்டகையை விட்டுப் போய்விடும். அச்சிட்ட சீட்டோ அவ்வாறு போவதில்லை. பல்லாயிரம் வீடுகளில் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை வாங்கிய பணமும் பெரும்பாலும் இளைஞர்களின் கைச்செலவுப் பணம். உறையைப் பிரிக்கும்வரை உள்ளிருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பிரித்த பின் எவரும் ஆட விரும்பாத சீட்டே கைக்குக் கிடைக்குமாயின், ஏமாற்றம் அந்த உறையோடு நிற்பதில்லை. ஆட்டத்தின்மீதே கசப்பு உண்டாகிவிடுகிறது.

மேஜிக் ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளராக 2003இல் பொறுப்பேற்ற மார்க் ரோஸ்வாட்டர் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். 'இன்ன விதி மீண்டும் வருமா, வாராதா?' என்று ஆட்டக்காரர்கள் ஓயாது கேட்டு வந்தமையே அதற்குக் காரணம். எண் 1 என்றால் மீள்வது ஏறக்குறைய உறுதி. எண் 10 என்றால் அற்புதம் நிகழ்ந்தாலன்றி மீளாது. 2003இல் வந்த 'புயல்' என்னும் விதி வழக்கமான தொகுதிகளுக்குத் திரும்புவது மிக அரிது என்று கருதப்பட்டதால், அளவுகோலுக்கும் 'புயல் அளவுகோல்' என்றே பெயர் அமைந்தது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை அறிந்த நமக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் வேற்றுமை ஒன்று உண்டு. துறைமுகக் கூண்டு வருகின்ற ஆபத்தை மட்டும் சொல்லும். இந்த அளவுகோலோ, விதியின் சிக்கல், அதனால் முன்பு விளைந்த கேடு, மக்களின் விருப்பு வெறுப்பு ஆகியவற்றையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகக் கூறுகிறது. அதனால் 8 என்னும் எண்ணைக் கண்டவுடன் அவ்விதி ஏன் வெறுக்கப்பட்டது என்பது நமக்கு விளங்குவதில்லை. அந்த 'ஏன்' தெரியாமல் முடிவு செய்வது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது போலாகும்.

வெறுப்புக்குக் காரணம் பலவாறாகலாம். ஆட்டம் தோன்றிய நாளிலேயே வந்த பந்தய விதியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைப்பர். வென்றவர் இரண்டையும் தமதாக்கிக்கொள்வார். சீட்டுகள் ஒருவரிடமே தேங்கிவிடாமல் ஊர் முழுதும் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது இதன் நோக்கம். கோலி ஆடி வளர்ந்த நம்மவருக்கு இது புதியதன்று. ஆனால் தேடிச் சேர்த்த சீட்டைத் தோற்றுப் போக எவரும் விரும்பவில்லை. சூதாட்டம் என்ற பழியும் சேர்ந்தது. 1995இல் வந்த 'ஹோம்லாண்ட்ஸ்' தொகுதிக்குப் பின் அவ்விதியைக் கொண்ட சீட்டுகள் அச்சிடப்படவில்லை. போட்டிகளிலும் அவற்றுக்கு இடமில்லை.

இத்தகைய விதியை மீட்கலாமா என்ற கேள்வி நம் கண்முன்னரே எழுந்தது, அந்தமானில். அலுவல் நிமித்தம் நாம் லாங் ஐலண்டில் சில நாள் தங்க நேர்ந்தது. ரங்கத்தை அடுத்த எரட்டா துறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு அது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் பல மாநிலத்தாரும் பிழைப்புத் தேடி அங்கே வந்தனர்; ஆலை நின்ற பின்னும் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. அங்கே ஆசிரியர் ஒருவர், விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டி, பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டிச் சீட்டுகள் செய்ய வைத்திருந்தார். கடற்பசு, உப்புநீர் முதலை, தேங்காய் நண்டு, படாக் மரம் என்று தீவில் உள்ளவற்றையே பிள்ளைகள் வரைந்தனர். ஒவ்வொன்றுக்கும் வலிமை, வேகம், தந்திரம் என மூன்று எண்கள். ஒரு படம் ஒரு முறைதான் வரையப்படும். ஆதலால் ஒவ்வொரு சீட்டும் ஊருக்கு ஒன்றே.

முதல் வாரத்தில் 'தோற்றவன் சீட்டை இழப்பான்' என்று பிள்ளைகளே விதி செய்துகொண்டார்களாம். இரண்டாம் வாரத்தில், தன் அக்காள் வரைந்து கொடுத்த கடற்பசுவைச் சிறுவன் ஒருவன் தோற்றுவிட்டான். அழவில்லை, சண்டையும் போடவில்லை, அடுத்த நாள் முதல் ஆட வருவதை மட்டும் நிறுத்திவிட்டான். ஆசிரியர் அவ்விதியை எடுத்துவிட்டார். சிறுவன் திரும்பி வந்தான். ஆனால் பிள்ளைகளில் மூத்த மூவர், "சார், இப்போ ஜெயிச்சாலும் ஒண்ணுமில்ல, தோத்தாலும் ஒண்ணுமில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டு, பந்தயத்தை மீண்டும் வைக்கும்படி கேட்டனர். ஆசிரியர் நம்மிடம் அபிப்பிராயம் கேட்டபோது விவகாரம் இந்நிலையில் இருந்தது.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. எனினும், மூத்த பிள்ளைகள் சொன்னதிலும் உண்மை இருந்தது. அவர்கள் கேட்டது விறுவிறுப்பு. சிறுவனைப் புண்படுத்தியது இழப்பு. இரண்டும் ஒரே விதிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரிக்க முடியுமா என்று பார்க்கும்படி கூறினோம். முடிவில் பிள்ளைகளே ஒரு வழி கண்டனர்: வென்றவன் சீட்டை அடுத்த சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம், அதன் பின்புறத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதலாம், பின்னர் உரியவரிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். நாம் அத்தீவை விட்டுப் புறப்படும்போது கடற்பசுச் சீட்டின் பின்புறத்தில் மூன்று பெயர்கள் ஏறியிருந்தன. பெயர் ஏறஏறச் சீட்டின் மதிப்பு கூடுகிறதென்று அதன் சொந்தக்காரனே நம்மிடம் பெருமையுடன் காட்டினான்.

வெறுப்புக்கு மற்றொரு காரணம் விளங்காமை. மேஜிக்கில் 'அணி சேர்தல்' என்றொரு விதி இருந்தது. சில போர்வீரர்கள் கூட்டாகப் பொருதும்போது, விழும் அடியை அவர்களுக்குள் எவ்வாறு பங்கிடுவது என்பதை எதிரிக்குப் பதிலாக அணிக்கு உரியவரே தீர்மானிப்பார். ஒரு வாக்கியத்தில் இவ்வாறு கூறிவிட்டோம். ஆனால் தாக்கும்போது ஒன்று, தடுக்கும்போது ஒன்று என அதற்குள் கிளை விதிகள் பல. அதைப் பிழையின்றி ஆடத் தெரிந்தவர் சிலரே. 1997க்குப் பின் அது வழக்கமான தொகுதிகளில் இடம்பெறவில்லை.

சிக்கலால் மக்களைச் சேராத ஆட்டங்களுக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் விளையாட்டுகளில் பேரார்வம் கொண்டவர். சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு முறை நிறுத்திச் செல்லும் புதிர்களை இயற்றியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அக்காலத்து வட்டச் சீட்டாட்டமாகிய கஞ்சிஃபாவை விரித்து, 'சாட்' என்னும் பெயரில் புதிய ஆட்டங்கள் பலவற்றை அவர் வகுத்தார். மொகலாயக் கஞ்சிஃபாவில் 8 இனங்கள், 96 சீட்டுகள். தசாவதாரக் கஞ்சிஃபாவில் 10 இனங்கள், 120 சீட்டுகள். மைசூர் அரசரின் கட்டுகளிலோ இனங்கள் 18 வரையும், சீட்டுகள் 360 வரையும் சென்றன. ஓர் இனத்தில் எண் சீட்டு 12, அரச சபைச் சீட்டு 6. நிலையான துருப்பு, எதற்கும் ஈடாகும் சீட்டு என்னும் நுட்பங்களும் இருந்தன. இவற்றுட் சில இன்றைய ஆட்டப் படைப்பாளிகள் மெச்சத்தக்கவை. ஆனால் 360 சீட்டைக் கையில் வாங்கிப் பிரித்து அடுக்கவே ஒரு பொழுது வேண்டும்! அரண்மனைக்கு வெளியே அவை பரவியதாகத் தெரியவில்லை. மைசூர்க் கஞ்சிஃபா இன்று புத்துயிர் பெற்றிருக்கிறதெனினும், ஓவியக் கலையாகவே பெற்றிருக்கிறது. வாங்குவோர் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். இதனைக் குறையாக நாம் சொல்லவில்லை. மீட்சி என்பது எதை மீட்பது என்பதையும் பொறுத்தது.

அக்பரின் காலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 12 இனங்கள், 144 சீட்டுகள் என இருந்த ஆட்டம் 8 இனங்களாகச் சுருங்கிய செய்தியை அபுல் பஸலின் அயினி அக்பரி கூறுகிறது. பிற்காலத்தில் நாடெங்கும் பரவி நிலைபெற்றது அந்த 96 சீட்டு ஆட்டமே.

இதனால் சிக்கலான விதி எதுவுமே மக்களுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடலாகாது. லாங் ஐலண்டின் படகுத்துறையில் மாலை வேளையில் அமர்ந்திருந்தபோது, ஒரு திண்ணையில் வங்காளிகள் 29 ஆடினர். மறு திண்ணையில் தமிழர்கள் 304 ஆடினர். இரண்டும் ஐரோப்பாவின் யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்தோடு உறவுடையவை. இரண்டிலும் ராஜாவைவிட ஜாக்கி பெரிது. ஜாக்கிக்கு அடுத்தது ஒன்பது. அரசனை அவன் சேவகன் வெல்வது எந்த ஊர் நியாயம் என்று புதிதாகக் கற்பவர் கேட்கக்கூடும். 304இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கு 304. இக்கணக்கைப் பள்ளியில் கணிதத்தில் தேறாதவரும் மின்னல் வேகத்தில் போடுகின்றனர். ஏன்? தந்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தே கற்றவர்கள் அவர்கள். கற்பிக்க ஆள் இருந்தால் சிக்கல் சுமையாவதில்லை. அடைத்த உறையை வாங்கித் தனியே பிரித்துப் படிக்கும் இளைஞனுக்கு அத்தகைய முதுகு கிடைப்பதில்லை.

29 என்னும் பெயரிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஜாக்கி 3, ஒன்பது 2, ஆசு 1, பத்து 1 என நான்கு இனத்துக்கும் கூட்டினால் வருவது 28தான். கடைசிச் சுற்றை எடுத்தவருக்கு ஒரு புள்ளி என்று முன்னர் வழங்கிய விதியே 29ஆவது. இன்று ஆடுவோரில் பலர் அப்புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விதி போய்விட்டது, பெயர் நிற்கிறது. அதை மீட்க வேண்டும் என்றும் எவரும் கேட்கவில்லை. அதன் இன்மையால் எவர்க்கும் குறையில்லை. பழையது என்னும் ஒரே காரணத்திற்காக மீட்க முனைவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மீட்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக நாம் கருதும் ஒன்றைக் காண்போம். 2004ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி, 2005 வரை மூன்று தொகுதிகளாக மேஜிக்கில் வெளிவந்தது 'காமிகாவா' என்னும் உலகம். ஜப்பானியப் புராணங்களைத் தழுவியது. படைத்தோர் அப்பழங்கதைகளின் ஆவியுருவங்களை வெகு நெருக்கமாகப் பின்பற்றினர். அதனாலேயே அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பும் கிடைக்கவில்லை. விதிகளிலும் ஒரு கோளாறு இருந்தது. 'பிணைத்தல்' என்னும் விதியின்படி ஒரு மந்திரச் சீட்டின் பயனை மற்றொன்றோடு சேர்த்து ஆடலாம். ஆனால் 'மறைமந்திரம்' என்று குறிக்கப்பட்ட சீட்டுகளோடு மட்டுமே அது பிணையும். அக்குறியுள்ள சீட்டுகள் அவ்வாண்டுத் தொகுதிகளுக்கு வெளியே இல்லை. சொந்த ஊரில் மட்டுமே செல்லுபடியாகும் நாணயத்தைக் கையில் வைத்திருப்பதைப் போன்றது அது. விற்பனை சரிந்தது. அடுத்த பல ஆண்டுகளுக்குக் காமிகாவா என்ற பெயரே தோல்விக்கு உவமையாயிற்று.

எனினும் ஒரு சிறு கூட்டத்தார் அவ்வுலகை மறக்கவில்லை. மீண்டும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். 2022 பிப்ரவரியில் 'காமிகாவா: நியான் டைனஸ்டி' வெளிவந்தது. கதை 1,200 ஆண்டுகள் முன்னோக்கி நகர்த்தப்பட்டிருந்தது. மின்விளக்குகள் ஒளிரும் பெருநகர் ஒருபுறம், பழைய ஆவிகள் வாழும் கானகம் ஒருபுறம். பழைய விதிகளுள் எவற்றைக் கொண்டுவந்தனர் என்பதில்தான் அவர்களது விவேகம் தெரிகிறது. முன்பே விரும்பப்பட்ட நிஞ்சா விதி வந்தது. 2005இல் எவரும் பெரிதாகக் கவனியாத ஒரு விதியும் வந்தது: சீட்டைக் களத்தில் இறக்காமல் கையிலிருந்தே கழித்து அதன் பயனைப் பெறுவது. இம்முறை அது எல்லாக் கட்டுகளிலும் புகுந்து விளையாடியது. பிணைத்தல் மட்டும் வரவில்லை. தொகுதி மிகுந்த வரவேற்பைப் பெற்றது. பரணிலிருந்து மூட்டையை அப்படியே இறக்காமல் அவிழ்த்துப் பார்த்துப் பொறுக்கியதே இதன் சிறப்பு.

யாருக்காக மீட்பது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2006இல் வந்த 'டைம் ஸ்பைரல்' தொகுதி பழைய சீட்டுகளை நினைவூட்டும் குறிப்புகளால் நிரம்பியது. 121 பழஞ்சீட்டுகளைப் பழைய தோற்றத்திலேயே சேர்த்திருந்தனர். நெடுநாள் ஆடியோர் மகிழ்ந்தனர். புதியவர்களோ, அறியாத குடும்பத்தின் கலியாணத்தில் அமர்ந்தவர்போல் விழித்தனர். 2021இல் அதனை மறுபதிப்புச் செய்தபோது அனுபவமுள்ளோர்க்கென்றே வெளியிட்டனர். குறை சொல்வார் இல்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்குச் சுவையாகத் தோன்றும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 2016இல் அதே ஆட்டத்தில் இந்தியச் சாயலுடைய உலகமொன்று 'கலாதேஷ்' என்ற பெயரில் வந்தது. உரோம எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. கலா எனப் படித்தால் கலைநாடு. காலா எனப் படித்தால் இந்தியில் கறுப்பு நாடு! 2025இல் அவ்வுலகிற்குத் திரும்பியபோது 'அவிஷ்கார்' என்று பெயரை மாற்றியே கொண்டுவந்தனர். புதிது புனைதல் என்பது அதன் பொருள். தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தால் இத்தொல்லையே நேர்ந்திராது. அவ்வுலகில் பிறந்த 'ஆற்றல்' விதியின் கதை வேறு. மக்களுக்குப் பிடித்த அவ்விதி அளவு மீறிய வலிமையால் கெட்டது. 2018 ஜனவரியில் அதைச் சார்ந்த இரு சீட்டுகள் முக்கியப் போட்டி வகையில் தடைசெய்யப்பட்டன. 2024இல் மீண்டும் வந்தபோதும் வலிமை குறையவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே மற்றொரு சீட்டுக்குத் தடை விழுந்தது. நோயை அறிந்திருந்தும் பத்தியம் இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மீட்கத்தக்கதென நாம் கருதுவது ஏதேனும் உண்டா? கஞ்சிஃபாவில் ஒன்று உண்டு. பாதி இனங்களில் பத்து பெரிது, ஒன்று சிறிது. மற்றப் பாதியில் ஒன்று பெரிது, பத்து சிறிது. ஐரோப்பாவின் பழைய தாரோ ஆட்டங்களிலும் இவ்வகைத் தலைகீழ் வரிசை இருந்தது. நினைவில் நிறுத்துவது தொல்லை என்று பிற்காலத்தவர் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஆனால் சிறிய சீட்டு வந்தவனும் நம்பிக்கை இழக்காதிருக்க அது நல்ல உபாயம். எல்லா இனங்களிலும் புகுத்தாமல் ஓரினத்தில் மட்டும், படத்தையே தலைகீழாக அச்சிட்டு நினைவூட்டி வைத்தால் இக்காலத்தவரும் ஏற்பர் என்பது நம் எண்ணம்.

அதனோடு சேர்ந்த மற்றொரு விதியும் உண்டு. தசாவதாரக் கஞ்சிஃபாவில் பகலில் ஆடினால் இராமன் சீட்டை உடையவர் தொடங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணன் சீட்டை உடையவர் தொடங்குவார். 2021இல் மேஜிக்கிலும் பகல், இரவு என்றொரு விதி வந்தது. ஒரு முறை தொடங்கிவிட்டால் ஆட்டம் முடியும்வரை இது பகலா, இரவா என்று சுற்றுக்குச் சுற்றுக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பலர் சலித்துக்கொண்டனர். கஞ்சிஃபா ஆடுவோருக்கு அக்கணக்கு வேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாற் போதும்.